நல்ல கை, கெட்ட இடம்: ஒமாஹா சீட்டாட்டத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

சீட்டாட்டம் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுகள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று ஒழுக்கத்தின் பேச்சு. திருக்குறளின் 94ஆவது அதிகாரம் தொடங்கி நேற்றைய நாளிதழ்த் தலையங்கம் வரை அது ஆடுகிறவனின் குணத்தைப் பேசும். பேராசைக்காரன், சோம்பேறி, குடும்பத்தைக் கெடுத்தவன் என்று. இன்னொன்று சட்டத்தின் பேச்சு. அது ஆட்டத்தின் குணத்தைப் பேசும். இது திறமையா, அதிர்ஷ்டமா என்று கேட்கும். இரண்டுமே கேட்காமல் விட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு: ஆடுகிறவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்? யாருக்கு முன்னால் பேச வேண்டியவனாக, யாருக்குப் பின்னால் பேசக் கொடுத்துவைத்தவனாக இருக்கிறான்?

இந்தக் கேள்வியை நான் எந்தக் கோட்பாட்டுப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. 2025 தொடக்கத்தில் செய்யூர் கடைத்தெரு டீக்கடை ஒன்றில் ஒரு பையன் சொன்னது. டிப்ளமோ படித்தவன், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியில் வேலை. கைப்பேசியில் போக்கர் ஆடுவான். ரம்மியெல்லாம் விட்டாச்சுண்ணே, இப்ப ஒமாஹாதான் என்றான். முந்தைய ராத்திரி 1,300 ரூபாய் போயிருந்தது. அவனுக்கு அது ரெண்டு நாள் சம்பளம். தோற்றவன் வழக்கமாகச் சொல்வது 'சீட்டு வரல' என்பதுதான். இவன் வேறு சொன்னான்: "கை சூப்பர் கைண்ணே. எடம்தான் கெட்டுப்போச்சு."

தோழர்கள் சிலருக்கு எரிச்சலாக இருக்கலாம். உப்பளத்தையும் நிலத்தையும் பற்றிப் பேச வேண்டிய ஊரிலிருந்து ஒருவன் சீட்டுக்கட்டைப் பற்றி எழுதுகிறானே என்று. நிலத்துக்குத்தான் வரப்போகிறேன். ஆனால் சீட்டை ஒழுங்காகப் படிக்காமல் குறுக்கு வழியில் அங்கே போக முடியாது. ஆட்டத்தை உவமையாக மட்டும் எடுத்துக்கொண்டு, ஆட்டத்தின் கணக்கைத் தொடாமல் விடுவது நம் கட்டுரைகளில் அடிக்கடி நடக்கிற சோம்பேறித்தனம்.

2

ஒமாஹா தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஒவ்வொருவருக்கும் நாலு சீட்டு, கவிழ்த்தபடி. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக அஞ்சு சீட்டு திறக்கப்படும். முதலில் மூன்று (இதை 'ஃபிளாப்' என்கிறார்கள்), பிறகு ஒன்று ('டர்ன்'), கடைசியாக ஒன்று ('ரிவர்'). கையிலிருந்து சரியாக இரண்டு, நடுவிலிருந்து சரியாக மூன்று எடுத்து அஞ்சு சீட்டு சேர்க்க வேண்டும். எது பெரிய சேர்க்கையோ அதற்குப் பணம். ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு சுற்றுப் பந்தயம்.

நாலு சீட்டிலிருந்து ரெண்டு ரெண்டாக ஆறு ஜோடி எடுக்கலாம். ஆக ஒவ்வொருவனும் ஒரே சமயத்தில் ஆறு கை வைத்திருக்கிறான். இரண்டே சீட்டுத் தருகிற டெக்ஸாஸ் ஆட்டத்தில் ஏஸ் ஜோடி வந்தால், ராஜா ஜோடியை எதிர்த்து அஞ்சு தடவையில் நாலு தடவை ஜெயிக்கும். ஒமாஹாவில் அந்த மாதிரி ஏகபோகம் கிடையாது. ஏஸ் ஜோடி உள்ள நல்ல கையும், தொடர்ச்சியான நாலு சீட்டு உள்ள கையும் மோதினால் பல சமயம் 60க்கு 40ஐத் தாண்டாது. எல்லோரிடமும் ஏதாவது இருக்கிறது. பலமான கை எல்லாமே உடையக்கூடிய பலம்தான்.

'பாட்-லிமிட்' என்பது அடுத்த விதி. நடுவில் சேர்ந்திருக்கும் பணம் 'பாட்'. அதன் அளவுக்கு மேல் யாரும் ஒரே வீச்சில் கட்ட முடியாது. நடுவில் 100 இருந்தால் 100 வரை கட்டலாம். எதிராளி 100 கட்டியபின் நான் ஏற்ற நினைத்தால், அவனுடைய 100ஐ முதலில் சரிக்கட்டி, அப்போது 300 ஆகும் பாட்டின் அளவுக்கு ஏற்றலாம். மொத்தம் 400 வைக்கலாம். ஒருவன் பாட் அளவு கட்டி இன்னொருவன் சரிக்கட்டினால் பாட் மூன்று மடங்காகும். 100, 300, 900, 2,700. மூன்று சுற்றில் ஒவ்வொருவரிடமிருந்தும் 100, 300, 900 என 1,300 ரூபாய் போய்விடும். கடன் வட்டி ஏறுகிற மாதிரிதான். முதல் சுற்றில் கவனமில்லாமல் வைத்த நூறு, மூன்றாம் சுற்றில் தொள்ளாயிரமாக வந்து கதவைத் தட்டும்.

இனி 'இடம்'. மேஜையில் ஒரு வட்டப் பொத்தான் இருக்கும். அது யார் முன்னால் இருக்கிறதோ அவன் ஃபிளாப்புக்குப் பிறகு எல்லாச் சுற்றிலும் கடைசியாகப் பேசுவான். பொத்தானுக்கு இடப்பக்கம் இருக்கிற இருவர், கையைப் பார்க்குமுன்பே கட்டாயப் பணம் கட்ட வேண்டும். அதற்குப் பெயரே 'பிளைண்ட்', கண்ணை மூடிக்கொண்டு கட்டும் பணம். ஃபிளாப்புக்குப் பிறகு முதலில் பேச வேண்டியவர்களும் அவர்களேதான். முதலில் வரி, பிறகு முதலில் வாக்குமூலம். முதலில் பேசுகிறவன் எதைச் செய்தாலும் செய்தி கசிகிறது. கட்டினால் பலம் தெரிகிறது, கட்டாமல் 'செக்' சொன்னால் தயக்கம் தெரிகிறது. கடைசியில் பேசுகிறவன் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுத் தன் முடிவை எடுக்கிறான்.

3

பையனின் கைக்கு வருவோம். அவன் பிளைண்ட் இடத்தில். கையில் டைமன் 9, கிளாவர் 9, ஸ்பேடு ஏஸ், ஆர்ட்டின் 4. எதிராளி ஒருவனே, பொத்தான் அவனிடம். நடுவில் 100 ரூபாய், இருவரிடமும் ஆளுக்கு 1,300 மிச்சம். ஃபிளாப்பில் வந்தவை ஸ்பேடு 9, ஆர்ட்டின் 8, கிளாவர் 2.

பையனிடம் மூன்று ஒன்பது. அந்த நிமிடத்தில் இதைவிடப் பெரிய கை யாரிடமும் இருக்க வாய்ப்பே இல்லை. பாட் அளவு 100 கட்டினான், எதிராளி சரிக்கட்டினான். அடுத்து டைமன் ராணி வந்தது. பயம் தட்டியது, செக் சொன்னான். எதிராளி 300 கட்டினான். இவன் மனசு கேட்காமல் சரிக்கட்டினான். கடைசியில் டைமன் 3. மறுபடி செக். எதிராளி 900. "மூணு ஒம்போது வச்சிக்கிட்டு எப்படிண்ணே மடக்குறது?" மடக்கவில்லை. எதிராளி திறந்தது ஜாக்கி, 10, 7, 6. நாலும் நாலு சாதி. எட்டிலிருந்து ராணி வரை வரிசை.

இந்த இரண்டு கையையும் ஃபிளாப்பில் திறந்து வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 41 சீட்டு கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. அதிலிருந்து கடைசி இரண்டு சீட்டாக 820 ஜோடிகள் வரலாம். எதிராளிக்கு வரிசையை முடித்துக் கொடுக்கும் சீட்டுகள் 20: நாலு ராணி, நாலு 5, மிச்சமிருக்கும் ஜாக்கி, 10, 7, 6 ஒவ்வொன்றிலும் மூன்று. அவற்றில் ஒன்றாவது வந்து, நடுவில் எந்த எண்ணும் ஜோடியாகாமல் இருந்தால் அவன் ஜெயிப்பான். ஜோடியானால் பையனுக்கு 'ஃபுல் ஹவுஸ்', அல்லது நாலு ஒன்பது. எண்ணிப் பார்த்தால் 820ல் 446 எதிராளிக்கு, 374 பையனுக்கு. அதாவது 54க்கு 46.

மேஜையிலேயே பெரிய கையை வைத்திருப்பவன், ஒரு ஜோடிகூட இல்லாதவனிடம் பின்தங்கியிருக்கிறான். பையன் கையில் இருப்பது 'இப்போது'. எதிராளியின் கையில் இருப்பது 'வரப்போவது'. அதற்கு மேல், வரப்போவது வந்துவிட்டதா இல்லையா என்பது எதிராளிக்குத் தெரியும், பையனுக்குத் தெரியாது. தெரியாத அவன்தான் முதலில் பேச வேண்டும்.

ராணி வந்தபின் பார்ப்போம். நடுச்சீட்டு ஜோடியாக இன்னும் 40ல் 10 சீட்டு இருக்கிறது, நாலில் ஒன்று. 300 கட்டி மொத்தம் 900க்கு ஆடுவதென்றால் மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஃபுல் ஹவுஸ் வந்தால் கடைசிச் சுற்றில் கூடுதலாகப் பிடுங்கிவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் இடம் கழுத்தைப் பிடிக்கிறது. ஜோடி விழுந்ததும் இவன் கட்டினால் எதிராளி உஷாராகி மடக்கிவிடலாம். செக் சொன்னால் எதிராளியும் செக் சொல்லிச் சீட்டைத் திறந்துவிடலாம். அதே மூன்று ஒன்பதைப் பொத்தானில் உட்கார்ந்து வைத்திருந்தவன் இத்தனை இழந்திருக்க மாட்டான், ஜெயித்தால் இன்னும் வாங்கியிருப்பான். சீட்டில் ஒரு புள்ளி மாறவில்லை. கை மாறிவிட்டது.

அதிகாரம் யாரோ ஒருவர் பையில் வைத்திருக்கிற பொருள் அல்ல, உறவுகளுக்கிடையே புள்ளிகளிலிருந்து செயல்படுவது என்று ஃபூக்கோ 1976ல் எழுதியது நம் வட்டாரங்களில் நிறையப் பேசப்பட்டு, கொஞ்சம் தேய்ந்தும் போன வாக்கியம். கையின் பலத்துக்கும் அதையே சொல்லலாம். இருக்கிற இடத்தோடு சேர்த்துத்தான் கை.

4

ஆட்ட நூல்கள் இதற்கு என்ன வழி சொல்கின்றன? போக்கரைக் கணிதத்தின் பொருளாக்கியது 1944ல் வான் நியூமனும் மார்கன்ஸ்டெர்னும் எழுதிய புத்தகம். பொய்ப் பந்தயம் குணக்கேடு அல்ல, ஆட்டத்தின் தர்க்கத்துக்கு அவசியமானது என்று அது காட்டியது. 1987ல் டேவிட் ஸ்க்லான்ஸ்கி, எதிராளியின் சீட்டு தெரிந்திருந்தால் நீ எப்படி ஆடியிருப்பாயோ அதிலிருந்து விலகும் ஒவ்வொரு தடவையும் எதிராளிக்கு லாபம் என்பதை அடிப்படை விதியாக வைத்தார். பாட்-லிமிட் ஒமாஹாவுக்கென்றே ஜெஃப் ஹ்வாங் 2008ல் எழுதியது பரவலாகப் படிக்கப்பட்டது. இவையும் இவற்றின் பின்னால் வந்தவையும் சொல்வதை என் மொழியில் தொகுக்கிறேன்.

முதலாவது, கை வாங்குமுன்பே தொடங்குகிற எச்சரிக்கை. நாலு சீட்டும் ஒன்றோடொன்று பேச வேண்டும். பையனின் ஏஸும் நாலும் ஒன்பதுகளோடு எந்த உறவும் இல்லாத சீட்டுகள். அவற்றுக்குப் பதில் ஜாக்கியும் பத்தும் இருந்திருந்தால்? அதே மூன்று ஒன்பதுதான். ஆனால் இப்போது வரிசைக்கு இவனும் உரிமை கொண்டாடலாம். எதிராளிக்குத் தேவையான ஜாக்கியும் பத்தும் இவன் கையில் அடைபட்டிருக்கும். முதல் வழி உடைந்தால் இரண்டாம் வழி. அது இல்லாத பலமான கையை, அதுவும் முதலில் பேசும் இடத்திலிருந்து, பெரிய பணத்துக்கு ஆடாதே என்பது பாலபாடம்.

இதன் கொடூரமான வடிவம் ஒன்று உண்டு. இருவரிடமும் ஒரே பெரிய வரிசை. எதிராளியிடம் கூடவே ஒரே சாதிச் சீட்டு அஞ்சு சேரும் வாய்ப்பும் இருக்கிறது, உன்னிடம் இல்லை. அப்போது உனக்கு வரக்கூடிய நல்ல முடிவே பாட்டைப் பாதியாகப் பிரித்துக்கொள்வதுதான். மற்றபடி இழப்பு. அவனுக்கோ மோசமான முடிவே பாதி. ஆகப் பெரிய கையை வைத்துக்கொண்டு ஜெயிக்கவே முடியாத ஆட்டம் ஆடிக்கொண்டிருப்பாய், அது தெரியாமலே பாட்டை ஏற்றிக்கொண்டும் இருப்பாய்.

இரண்டாவது, பாட்டைச் சின்னதாக வைத்திரு. பேச்சு நீளப்போகிறது, ஒவ்வொரு சுற்றிலும் நீதான் முதலில் பேச வேண்டும் என்றால், மும்மடங்காகும் வட்டியை நீயே ஆரம்பித்து வைக்காதே.

மூன்றாவது இதற்கு நேர் எதிர். பணம் முழுவதும் உள்ளே போய்விட்டால் பிறகு யாரும் பேச வேண்டியதில்லை. பேச்சு முடிந்த இடத்தில் 'கடைசியில் பேசும் உரிமை'க்கு மதிப்பில்லை. பையனிடம் 1,300க்குப் பதில் 300தான் மிச்சமிருந்தால், ஃபிளாப்பிலேயே எல்லாவற்றையும் உள்ளே தள்ளும் வழி பார்ப்பது சரி. 46 சதவீதம் அப்படியே 46 சதவீதமாக நிற்கும், அரிக்கப்படாது. நீண்ட ஆட்டம் இடம் உள்ளவனுக்கு, குறுகிய ஆட்டம் இடம் இல்லாதவனுக்கு.

நாலாவது, 'செக்' சொல்லிக் காத்திருந்து, எதிராளி கட்டியதும் ஏற்றுவது. முதலில் பேச வேண்டியவன் பேச மறுத்து, எதிராளியைப் பேச வைத்து, அந்தச் சுற்றின் கடைசிச் சொல்லைப் பறித்துக்கொள்கிறான். 100க்கு 400 என்று ஏற்றி எதிராளி சரிக்கட்டினால் பாட் 900, மிச்சம் 900. இன்னும் ஒரே ஒரு பேச்சுதான் பாக்கி. எதிராளி அந்த 20 சீட்டுக் கையை வைத்திருந்தால் இதுவும் பெரிதாக உதவாது. ஆனால் எதிராளி எப்போதும் அதையே வைத்திருப்பதில்லை. எட்டு ஜோடியோடு, அரைகுறை வரிசையோடு வருகிறவன்தான் அதிகம். அவன் எதிரிலும் செக் சொல்லி எதிராளியும் செக் சொல்லிவிட்டால், ஒரு சீட்டை இலவசமாகக் காட்டிய நஷ்டம் உண்டு. இடம் கெட்டவனுக்கு இலவசமான வழி எதுவுமில்லை.

இந்த நூல்களின் மீது என் விமர்சனம் ஒன்றுதான். இவை எல்லாவற்றின் அடியிலும் 'மடக்கு, காத்திரு, பொத்தான் உன்னிடம் வரும்' என்ற அறிவுரை இருக்கிறது. அது சரியான அறிவுரை, ஏனென்றால் பொத்தான் சுற்றுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் இடம் நகர்ந்து, ஆறு பேர் மேஜையில் ஆறு ஆட்டத்துக்கு ஒருமுறை எல்லோரும் கடைசியில் பேசுகிறார்கள். ஆனால் காத்திருப்பது திறமை மட்டுமா? காத்திருக்க முடிவதே ஒரு மூலதனம். மாசக் கடைசியில், வாடகைக்கு எடுத்து வைத்த 1,300ஓடு உட்கார்ந்திருப்பவனால் நல்ல கையை மடக்க முடியாது. திறமையைப் போதிக்கும் நூல், அந்தத் திறமைக்குச் செலவாகும் முதலைப் பற்றி, இழந்தாலும் சோறு குறையாத பணத்தை வைத்து ஆடு என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொள்கிறது.

5

திறமை என்ற சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு நீதிமன்ற வரலாறு உண்டு. 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் 'வெறும் திறமை' ஆட்டங்களுக்கு விலக்குத் தந்தது. 1967ல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது, மூணு சீட்டை அதிர்ஷ்டம் என்று தனியே தள்ளியது. 1996ல் சென்னைக் குதிரைப் பந்தயமும் திறமை ஆனது. ஆன்லைன் காலத்தில் இந்த இருமை எதிர்வு ஊஞ்சலாடியது. தமிழக அரசின் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. 2022 ஜூனில் நீதிபதி கே. சந்துரு குழு அறிக்கை தந்தது, 2023 ஏப்ரலில் புதுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாக வகுத்த அட்டவணையை மட்டும் நீக்கியது. 2025 பிப்ரவரி விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடுவதற்குத் தடை போட்டன. ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தூக்கியெறிந்துவிட்டு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் அனைத்தையும் தடை செய்தது. செயலிகள் அந்தக் கடையை மூடின.

எல்லா வழக்கிலும் விசாரிக்கப்பட்டது ஆடுகிறவனுக்கும் சீட்டுக்கும் உள்ள உறவுதான். ஆடுகிறவனுக்கும் ஆட்டத்தை நடத்துகிறவனுக்கும் உள்ள இட உறவு, எதிராளியின் முகம் தெரியாது, எந்திரம் ஆடுகிறதா என்றும் தெரியாது என்ற அளவில் அரசுத் தரப்பு வாதங்களில் தலைகாட்டிவிட்டுப் போனது. நடத்துகிறவன் சீட்டு வாங்குவதில்லை, பிளைண்ட் கட்டுவதில்லை, பாட்டிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறான். ஒவ்வொருவனும் எந்தக் கையை எப்படி ஆடினான் என்ற பதிவு முழுவதும் அவனிடம். பொத்தான் ஆறு பேரைச் சுற்றி வருகிறது. அவன் அந்த வட்டத்துக்கு வெளியே, நிரந்தரமாகக் கடைசியில் இருக்கிறான்.

இடம் பற்றிய பழைய விசாரணை ஒன்று நம் கதைமரபில் இருக்கிறது. தருமனின் சூதை ஒழுக்கக் கதையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஆட்டக்காரனாக வாசித்துப் பாருங்கள். அழைத்தால் மறுக்க முடியாதவன் தருமன், அதாவது மடக்கும் உரிமை இல்லாதவன். ஆட்டம் எதிராளியின் மண்டபத்தில். பணயம் துரியோதனனுடையது, காய் உருட்டுவது சகுனி. இவ்வளவும் நடந்து முடிந்தபின் பாஞ்சாலி சபையைக் கேட்கிற கேள்வி திறமையைப் பற்றியதோ அதிர்ஷ்டத்தைப் பற்றியதோ அல்ல. முதலில் தன்னை இழந்தாரா, என்னை இழந்தாரா? வரிசை பற்றிய கேள்வி. எது முன், எது பின் என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். சபையில் பெரும்பாலோர் நேராகப் பதில் சொல்லவில்லை.

6

இப்போது நிலம். 1891ல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892ல் வந்த அரசாணையிலிருந்துதான் பஞ்சமி நிலம் பற்றிய கதையாடல் தொடங்குகிறது. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. பஞ்சமரல்லாதாருக்கு விற்க முடியாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட நிலம். காகிதத்தில் இதைவிடப் பலமான கை இருக்க முடியாது. கைமாறிய நிலத்தைத் திரும்பக் கேட்ட காரணை மக்களின் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள்.

பட்டா வைத்திருப்பவன் முதலில் மனுப் போட வேண்டும். மனுவில் சர்வே எண், பட்டா நகல், சாட்சி எல்லாம் காட்டியாக வேண்டும். எதிர்த்தரப்பு அதை வாசித்துவிட்டு, தன் கிரயப் பத்திரத்தையும் ஆட்களையும் தேர்ந்தெடுத்துப் பேசும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இதைப் பார்க்கிறோம். 1989ன் அந்தச் சட்டம் பலமான கை. புகார் தந்தவன் முதலில் பேசிவிடுகிறான். பின்னாலேயே எதிர்வழக்கு வருகிறது, பிறகு 'சமாதானமாப் போயிடலாம்' என்ற பேச்சு வருகிறது. தேதி தள்ளத் தள்ளச் சுற்றுகள் கூடுகின்றன, பாட் மும்மடங்காகிறது. கூலி போகிறது, சாட்சி கலைகிறது. நீண்ட ஆட்டம் யாருக்கு என்று மேலே பார்த்தோம்.

உவமை இங்கே முறிய வேண்டும், முறியாவிட்டால் அது பொய். சீட்டு மேஜையில் யாரும் கட்டாயத்தில் உட்காருவதில்லை, எழுந்து போகலாம். போனது பணம்தான், உடல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், அங்கே பொத்தான் சுற்றுகிறது. ஊரில் பொத்தான் சுற்றுவதில்லை. ஆணி அடித்து வைத்திருக்கிறது. படிநிலைப்பட்ட அசமத்துவம் என்று அம்பேத்கர் சொன்னதில் ஒவ்வொரு படிக்கும் தனக்குக் கீழே முதலில் பேச வேண்டியவன் ஒருவன் இருக்கிறான். அந்தச் சின்ன இலாபத்துக்காகவே ஆணியைப் பிடுங்க யாரும் வருவதில்லை. ஆகவே 'மடக்கு, காத்திரு' என்ற சீட்டாட்ட அறிவுரையை நிலத்துக்குக் கொண்டுவருகிறவன், தெரிந்தோ தெரியாமலோ, ஆணி அடித்தவனின் வக்கீல்.

ஆனால் மற்ற மூன்றையும் நாம் விவாதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டாம் வழி இல்லாத ஒற்றைப் பத்திரத்தை மட்டும் நம்பி மக்களை நீண்ட வழக்குக்குள் இறக்கிவிடுகிறோமா? பட்டாவோடு கிராமப் பதிவேடு, பக்கத்து ஊர்க்காரர்கள், பயிர் வைத்திருக்கும் நிலை, பெண்களின் சங்கம் என்று ஒன்றோடொன்று பேசும் நாலு சீட்டாக அது ஆகிறதா? எந்த இடத்தில் எதிர்த்தரப்பை முதலில் பேச வைக்க முடியும்? தகவல் உரிமைச் சட்டம் 2005ல் வந்தபோது அதன் அருமை அங்கேதான் இருந்தது, அலுவலகம் முதலில் பேச வேண்டும். எந்தப் போராட்டத்தைச் சுருக்கி ஒரே சுற்றில் முடிக்க முடியும், எதை முடிக்கக் கூடாது? 'சட்டம் நம் பக்கம் இருக்கிறது' என்று மேடையில் சொல்லும்போது, அது கையைப் பற்றிய வாக்கியம் மட்டுமே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இடத்தைப் பற்றிய வாக்கியத்தை இன்னும் சொல்லவில்லை.

பையனைச் சமீபத்தில் மறுபடி பார்த்தேன். தடைக்குப் பிறகு கைப்பேசியில் ஆடுவதில்லையாம். சாயங்காலம் கூட வேலை பார்க்கும் அஞ்சாறு பேர், தீக்குச்சி வைத்து ஒமாஹா ஆடுகிறார்கள். பொத்தானுக்குப் பதில் சோடா மூடி. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் யாராவது அதை அடுத்தவன் பக்கம் நகர்த்துகிறார்கள். தீக்குச்சிக்கு ஆடினா சுவாரசியமா இருக்கா தம்பி என்று கேட்டேன்.

"இருக்குண்ணே. ஆனா மூடிய நவுத்த மறந்துட்டா மட்டும் சண்ட வந்துடுது."